யப்பானிய அரங்கும் மட்டக்களப்புக் கூத்தும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கரையோர வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்று, வாழைச்சேனையையும் மாங்கேணியையும் கடந்தால், வாகரையை அடையுமுன் எதிர்ப்படும் ஊர் பனிச்சங்கேணி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இரண்டிற்கும் இடையே பாலம். மீன்பிடியையும் சேனைப் பயிரையும் நம்பி வாழும் மக்கள் அங்குள்ளனர். தமிழைத் தாய்மொழியாகப் பேசும் கரையோர வேடரும் அச்சுற்றாடலிலே நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். இவ்வேடரைப் பற்றி ஆராய்ந்து 1911ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், கப்பற்பேய் என்னும் ஆவிகளுக்கு இவர்கள் ஆடிய சடங்கையும் குறித்துள்ளனர். கப்பலேறி வரும் ஆவிகள் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும் என்று கருதிய மக்கள் கடலைப் பார்த்த கண்ணும் அப்படிப்பட்டதே.

இத்தகைய ஒதுங்கிய கரைக்கும் யப்பான் தேசத்துக்கும் யாது தொடர்பு என்று வினவலாம். இன்று பனிச்சங்கேணியிலே சிறு பிள்ளையும் அறிந்த யப்பானியச் சொல் ஒன்று உண்டு. அது சுனாமி. ‘சு’ என்பது துறைமுகம்; ‘நாமி’ என்பது அலை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் அச்சொல் இக்கரையின் பேச்சுத் தமிழிலே புகுந்தது, இனி நீங்காது.

அதற்கு அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே யப்பானியர் இவ்வழியாக வந்து போயினர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அவ்வொன்பதாம் நாட் காலையிலேயே, திருகோணமலைத் துறையை விட்டு வெளியேறியிருந்த ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அக்கப்பலில் மாத்திரம் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் வாழ்ந்தோருக்கு யப்பான் முதன்முதலில் அறிமுகமானது இவ்வாறுதான். கலையாகவன்று, வானத்தில் எழுந்த இரைச்சலாக.

போர் முடிந்தபின், 1951ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய சமாதான மாநாட்டில் இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தன, யப்பானிடமிருந்து நட்டஈடு வேண்டாம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டில் இரு நாடுகளுக்கும் இராசதந்திர உறவு ஏற்பட்டது. இவ்வரலாற்றை அரசியலறிஞர் பலகாற் கூறியுள்ளனர். அவ்வுறவினால் விளைந்த பயன்களுள் ஒன்று, சுற்றுவழியாகவேனும், மட்டக்களப்புக் கூத்துக் களரியைச் சென்றடைந்தது என்பதோ அத்துணைப் பேசப்படுவதில்லை.

பேராதனையிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திர, சாந்திநிகேதனத்தில் இசை பயின்றவர். சிங்களக் கிராமிய நாடகங்களைத் தேடி ஆராய்ந்து நூல் எழுதியவர். சிங்கள மக்களுக்கே உரிய நாடக வடிவம் யாது என்னும் வினா அவரை நெடுநாள் வருத்திற்று. ஆங்கில நாடகங்களை மொழிபெயர்த்து மேடையேற்றுவதில் அவருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. 1952இல் ‘பபாவதி’ என்னும் நாடகத்தை எழுதி மேடையேற்றினார். அதுவும் அவர் தேடிய வடிவமாக அமையவில்லை. இந்நிலையில், 1955ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவி பெற்று அவர் யப்பானுக்குப் பயணமானார்.

அங்கே அவர் கண்ட பழைய அரங்குகள் சிறப்பாக இரண்டு. ஒன்று ‘நோ’, மற்றொன்று ‘கபுக்கி’.

நோ நாடகம் பதினான்காம் நூற்றாண்டிலே கன்னாமி என்பாராலும் அவர் மகன் செயாமியாலும் செம்மை பெற்றது. பதினெட்டடிச் சதுரமான மரமேடை, நான்கு தூண்கள், அவற்றின் மேல் ஒரு கூரை. மண்டபத்தினுள்ளே மேடையிருந்தாலும் அக்கூரையை அகற்றுவதில்லை. முன்னொருகால் வெட்டவெளியில் ஆடப்பட்டது என்பதை அது இன்றும் காட்டிக்கொண்டேயிருக்கும். பின்சுவரில் ஒரு தேவதாரு மரம் தீட்டப்பட்டிருக்கும். அதைவிட வேறு காட்சித்திரை யாதுமில்லை, முன்திரையும் இல்லை. நடிகன் இடப்புறத்துப் பாலமொன்றின் வழியே மெல்ல நடந்து வருவான். நாலடி வைத்தால் நாடு கடந்தான் என்று பொருள். கையிலுள்ள விசிறி வாளாகும், கிண்ணமாகும், உதிரும் பூவுமாகும். குழல் ஒன்றும் மத்தளங்கள் இரண்டோ மூன்றோ ஒலிக்க, மத்தளக்காரர் இடையிடையே நீண்ட குரலெழுப்புவர். பக்கத்தே வரிசையாய் அமர்ந்திருக்கும் எண்மர், நடிகன் பாட வேண்டியதைத் தாமே வாங்கிப் பாடுவர். மேடையின் அடியிலே மட்குடங்களைப் புதைத்து, காலால் உதைக்கும் ஓசை கனத்துக் கேட்குமாறு செய்தலும் பழைய வழக்கம்.

கபுக்கி இதற்கு நேர்மாறான ஆரவாரம் மிக்கது. 1603இல் கியோத்தோ நகரிலே ஒகுனி என்னும் பெண்ணொருத்தி தொடக்கிவைத்த ஆட்டத்திலிருந்து பிறந்தது என்பர். 1629இல் பெண்கள் மேடையேறுதல் தடைசெய்யப்பட்டமையால் பெண்வேடத்தையும் ஆடவரே தாங்கினர். பார்வையாளர் நடுவே நீண்டு செல்லும் மேடைவழியிலே நடிகன் தோன்றுவான். உணர்ச்சி முற்றிய கட்டத்தில் மரக்கட்டைகள் படபடவென ஒலிக்க, கண்ணை உருட்டிச் சிலைபோல் நிற்பான். அக்காலத்தில் காலையில் தொடங்கும் ஆட்டம் மாலைவரை நடந்தது. ஆதலால், சனங்கள் அரங்கிலேயே உண்டனர். எள் தூவிய சோற்றுருண்டை, சுட்ட மீன், முட்டை, ஊறுகாய் ஆகியன சிறு பெட்டியொன்றில் அடுக்கப்பட்டு இடைவேளையில் விற்கப்பட்டன. அவ்வுணவுக்கு ‘மக்குனோஉச்சி’ என்று பெயர். ‘திரைகளுக்கிடையே’ என்பது அதன் பொருள். இன்று புகைவண்டி நிலையங்களிலும் விற்கப்படும் அச்சோற்றுப் பெட்டி, பிறந்த இடம் நாடகக் கொட்டகை என்பதைப் பெயரிலே தாங்கி நிற்கின்றது. விடிய விடியக் கூத்துப் பார்க்கப் பாயும் தலையணையும் சுமந்து வந்து, கடலையும் வெற்றிலையும் மென்றுகொண்டு, உறங்கிய பிள்ளையை மடியிற் கிடத்தியிருந்த மட்டக்களப்புத் தாய்மாருக்கு இச்செய்தி புதுமையாயிராது.

சரச்சந்திரரின் உள்ளத்தைத் தொட்டது இவற்றின் அழகு மாத்திரமன்று. தொழிற்சாலையும் மின்சார இரயிலும் நிறைந்த ஒரு நாடு, ஐந்நூறு ஆண்டுப் பழமையுடைய ஆட்டத்தை நாணமின்றிப் போற்றுகின்றது என்பதே அவர் கண்டறிந்த உண்மை. ஆடலும் பாடலும் கலந்த மரபுவழி அரங்கு கிராமத்தாரின் பொழுதுபோக்காக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கற்றோரும் தலைவணங்கும் கலையாக அது நிமிர்ந்து நிற்கக்கூடும். அவர் சென்ற 1955ஆம் ஆண்டிலேயே, 1950இல் இயற்றப்பட்ட பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்புச் சட்டத்தின் தொடர்பாக, பழங்கலைகளில் வல்லாரை வாழும் தேசியச் செல்வங்கள் என மக்கள் அழைக்கத்தக்க வகையிற் கௌரவிக்கும் முறை யப்பானில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது.

இம்மதிப்பு யப்பானியருக்கு இயல்பாகவே வாய்த்தது என்று எண்ணுதல் தவறு. 1868இல் பழைய ஆட்சி வீழ்ந்து மேலைநாட்டு நாகரிகம் வெள்ளம்போற் புகுந்தபோது, பிரபுக்களின் ஆதரவை இழந்த நோ நடிகர் பலர் முகமூடிகளையும் ஆடைகளையும் விற்றுச் சீவித்தனர். உமேவாக்கா மினோரு போன்ற சிலரே ஆட்டத்தைக் கைவிடாதிருந்தனர். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூது சென்று 1873இல் மீண்ட இவாக்குரா தொமோமி என்னும் அமைச்சர், அந்நாடுகளில் விருந்தினரை இசைநாடகத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தைக் கண்டிருந்தார். 1876இல் அவர் தம் மாளிகையிற் பேரரசர் முன்னிலையில் நோ ஆடச் செய்தார். அன்றிலிருந்து அக்கலைக்கு மறுவாழ்வு. ஐரோப்பியரின் மேடையைக் கண்ட யப்பானியர் தம் மேடையை நினைந்தார். அம்மேடையைக் கண்ட சிங்களப் பேராசிரியர் தம் நாட்டு மேடையை நினைந்தார். பிறர் வீட்டு விளக்கொளியிலேதான் மனிதனுக்குத் தன் வீட்டு வாசல் சில வேளைகளிற் புலப்படுகின்றது போலும்.

நாடு திரும்பிய சரச்சந்திர, சாதகக் கதையொன்றைக் கருவாகக் கொண்டு ‘மனமே’ என்னும் நாடகத்தை ஆக்கினார். அது 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேறியது. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் நெஞ்சை விளிப்பதுபோல் ஒலித்தாலும், அஃது இளவரசன் ஒருவனின் பெயரே. இளவரசன், இளவரசி, காட்டிடையே அவர்களை மறிக்கும் வேடர் தலைவன் ஆகிய மூவரைச் சுற்றிக் கதை நடக்கும். யப்பானிய உடையோ முகமூடியோ அந்நாடகத்திற் கடுகளவும் இல்லை. அதுவே சரச்சந்திரரின் பெருமை எனலாம். யப்பானில் அவர் கற்றதைக் கொண்டு யப்பானியரைப் போல் ஆடவில்லை. தென்கரைச் சிங்களவரிடையே அருகிக் கிடந்த ‘நாடகம’ என்னும் கூத்து வடிவத்தை எடுத்தார். அதற்குத் துணையாக அக்கலையில் வல்ல சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் முதியவரை அழைத்து, மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்குவித்தார். பல்கலைக்கழகம் நாட்டுப்புறக் குருவின் காலடியில் அமர்ந்தது அவ்வாறுதான்.

ஈண்டு தமிழர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நாடகம என்னும் அவ்வடிவம் தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து சிங்களத்துக்குச் சென்றது. மேற்குக் கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய தமிழ்க் கூத்துகளைத் தழுவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பு சிஞ்ஞோ என்னும் கொல்லர் முதலானோர் அதனைச் சிங்களத்தில் வளர்த்தனர். அதில் முழங்கும் மத்தளத்தைச் சிங்களவர் ‘தெமள பெரய’, அதாவது தமிழ் மேளம், என்றும் அழைப்பதுண்டு. கதையை எடுத்துரைக்கும் ‘பொத்தே குரு’ என்பாரும் நம் ஏட்டண்ணாவியாரின் உடன்பிறந்தாரே. பொத்து என்றால் ஏடு.

அவ்வாண்டின் அரசியலையும் மறத்தற்கில்லை. 1956 யூன் மாதத்திலேயே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. இரு மொழியினரும் விலகத் தொடங்கிய அதே ஆண்டில், தமிழர் ஈந்த வடிவமொன்று சிங்கள நாடகத்தின் தலையாய படைப்பாய் உயர்ந்தது. கைதட்டிய கூட்டத்தில் இதனை அறிந்திருந்தோர் எத்தனை பேரோ.

அறிந்தோருள் ஒருவர் பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன். தெல்லிப்பழையிற் பிறந்த அவர், இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். மனமே ஊட்டிய ஊக்கத்தோடு அவர் நாடியது மட்டக்களப்பை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கூத்து உண்டெனினும், ஆட்டச் செழுமை குன்றாது நிலைத்திருந்தது மட்டக்களப்புக் களப்பின் கரையூர்களிலேயே.

அக்கூத்து இருவகைத்து: வடமோடி, தென்மோடி. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க் கதைகளைக் கூறுவது. கனத்த முடியும், கூடைபோல் விரிந்த கரப்புடுப்பும் அதற்குரியன. தென்மோடியில் உடை இலேசானது; தாளக்கட்டுகள் நுணுக்கமானவை. மண்ணை உயர்த்தி வட்டமாக அமைத்த களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். அவர் அருகே சல்லரியும் பிற்பாட்டுக்காரரும். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆட, சனங்கள் களரியைச் சுற்றி இருப்பர். கூத்தன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவது, நோ அரங்கின் எண்மரை நினைவூட்டும். ஆயினும் ஒரு வேறுபாடு பெரிது. நோ நடிகனுக்கு அது பரம்பரைத் தொழில்; கூத்தனோ பகலில் வயல் உழுபவன், தோணி வலிப்பவன். சட்டம் கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்காக இரவுதோறும் பழகி, சதங்கை கட்டி, அரங்கேறி, மறுநாள் மீண்டும் வயலுக்குச் செல்பவன்.

படித்தவர்கள் அக்காலத்தில் இதனைக் கலையாக மதித்தாரல்லர். பட்டினத்துப் பள்ளிக்கூட மேடைகளிலே கூத்து என்றால் ஏளனம். அந்நிலையை மாற்றுதற்கு வித்தியானந்தன் பல துறைகளில் முயன்றார். அண்ணாவிமாரை மாநாடு கூட்டி மேடையேற்றிச் சிறப்பித்தார். கூத்துப் போட்டிகளை நடத்தினார். ‘அலங்கார ரூபன்’ என்னும் மட்டக்களப்புத் தென்மோடிக் கூத்தை 1962இல் பதிப்பித்தார். அவ்வாண்டிலேயே பேராதனை மாணவர் நடித்த ‘கர்ணன் போர்’ மேடையேறியது. மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, பின்னர் ‘வாலிவதை’. இராவணேசனை எழுதி இராவணனாகவும் ஆடியவர் மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு. தீயோனாகக் காட்டப்பட்டு வந்த இராவணன், அந்நாடகத்தில் மகனையும் தம்பியையும் இழந்து தனித்து நிற்கும் அவலத் தலைவனாயினான். வரவு ஆட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் அவன் மனநிலை வெளிப்படுமாறு கூத்து அமைந்தது. கூத்தின் ஆட்டம் கதைக்கு இடையில் வரும் அலங்காரமன்று, கதையைச் சொல்லும் மொழியே என்பதை நகரத்தார் அன்று கண்டனர்.

பெற்றதைப் போலவே இழந்ததையும் கணக்கிடுதல் வேண்டும். விடியவிடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துள் ஒடுங்கியது. வட்டக்களரி மறைந்து, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடை வந்தது. நடுவே நின்ற அண்ணாவியார் ஓரத்துக்குச் சென்றார். சுற்றியிருந்து, ஆடுபவனைப் பேர்சொல்லி அழைத்து, பிழைவிட்டால் திருத்தவும் துணிந்த ஊர்ச்சனங்களுக்குப் பதிலாக, நுழைவுச்சீட்டு வாங்கி இருட்டில் அமைதியாய் அமர்ந்தோர் பார்த்தனர். இதனைக் குறையென்று மட்டும் தள்ளுதல் நீதியன்று; அச்சுருக்கம் இல்லையேல் கூத்தைத் திரும்பியும் பார்த்திராதோர் பலர். எனினும், மதிப்புப் பெற்றது கூத்தா, கூத்தின் ஒரு வடிவமா என்னும் ஐயம் எழாமல் இல்லை. பேராதனைக் கைதட்டல் எவ்வூர்க் களரியின் செலவையும் தீர்த்ததில்லை.

இக்கேள்வியை மௌனகுருவே ஆராய்ச்சியாக விரித்தார். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1983இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்; அந்நூல் 1998இல் அச்சேறியது. 1981இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. செல்லையா அண்ணாவியாரின் ஊரிலேயே பல்கலைக்கழகம் எழுந்தமை பொருத்தமான நிகழ்ச்சி. அங்கே நுண்கலைத்துறையை வளர்த்த மௌனகுரு, பிற்காலத்தில் இராவணேசனைப் புதிய மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். மறுபக்கத்தில், அதே பல்கலைக்கழகத்து சி. ஜெயசங்கர், 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனைக் கிராமத்தில், ‘கூத்து மீளுருவாக்கம்’ என்னும் முயற்சியைத் தொடங்கினார். கூத்தை நகர மேடைக்கு எடுத்துச் செல்லாது, ஆடும் மக்களே களரியில் அமர்ந்து தம் கூத்தின் கதையையும் கருத்தையும் விவாதித்து மாற்ற வேண்டும் என்பது அதன் கொள்கை. சாதியும் பெண்ணின் நிலையும் அவ்விவாதத்தில் வந்தன. வித்தியானந்தன் வழி பிழை, இவ்வழியே சரி என்று தீர்ப்புக் கூற அவசரப்பட வேண்டியதில்லை. முன்னவர் கூத்தை ஏளனத்திலிருந்து மீட்டார். மீட்ட பொருளை யாரிடம் ஒப்படைப்பது என்பது பின்னவர் வினா.

இடையே போர் வந்தது. களரி கட்ட வேண்டிய இளைஞர் மாண்டனர், மறைந்தனர், கடல் கடந்தனர். இரவில் விளக்கேற்றிக் கூடுவதே ஆபத்தான ஆண்டுகள் உண்டு. 2004இல் கடல் பெருகிய கரையில், 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007 சனவரியிலும் நடந்த சண்டையினால் வாகரைப் பிரதேசமே வெறுமையாயிற்று. பனிச்சங்கேணி மக்களும் அதில் அகப்பட்டனர். பலர் பின்னர் மீண்டு வந்து வலை பின்னத் தொடங்கினர்.

தோக்கியோவின் நோ மேடைகளில் இன்றும் கூரையின் கீழ் அதே தேவதாரு மரம் நிற்கின்றது. ஐந்து பரம்பரைக் குழுக்கள் அவ்வாட்டத்தைப் பேணி வருகின்றன. மட்டக்களப்புக் களரி அவ்வாறு நிற்பதில்லை. அரங்கேற்றத்துக்கென மண் வெட்டி வட்டம் கட்டுவர். ஆட்டம் முடிந்தபின் மழை அதனைக் கரைத்துவிடும். அடுத்த கூத்துக்கு ஊரார் மீண்டும் மண் சுமந்து வரவேண்டும்.